கேட்டுக்கு வெளியே ஒரு கூடைப் பழம்

இந்த ஊரில் ஃபீஜோவா என்று ஒரு பழம் உண்டு. பச்சை நிறம், கோழிமுட்டை அளவு, வாசனையில் கொய்யாவுக்குத் தூரத்துச் சொந்தம். இதை யாரும் மரத்திலிருந்து பறிப்பதில்லை. பழுத்தால் தானே விழும். நாம் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஏப்ரல் வந்துவிட்டால் என் வீட்டுப் பின்புறத்தில் காலையில் ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி. இரண்டு நாள் அசந்தால் உள்ளே பழுப்பேறிவிடும், பிறகு குப்பைதான். நியூசிலாந்தில் ஹாமில்டன் என்கிற ஊரில், கணவர் போன பிறகு ஒண்டியாக இருக்கிற எனக்கு அந்த மாதம் முழுக்கப் பழத்தோடுதான் மல்லுக்கட்டு.

இங்கே இருப்பவர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மிஞ்சிய பழத்தை அட்டைப்பெட்டியில் கொட்டி, 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி, கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வந்த புதிதில் எனக்கு இது பிடிக்கவே இல்லை. கொடுப்பதென்றால் ஆள் போய்க் கதவைத் தட்டி, நாலு வார்த்தை பேசிக் கையில் கொடுக்க வேண்டாமா? கனிந்து குழைந்த பழங்களை வழித்தெடுத்து, வெல்லம் போட்டு, கடுகும் வற்றல் மிளகாயும் தாளித்து, மாங்காய்ப் பச்சடி மாதிரியே ஒரு பச்சடி கிண்டினேன். கிண்ணத்தோடு பக்கத்து வீட்டு மார்கரெட் வீட்டுக் கதவைத் தட்டினேன். பாதிக் கதவைத் திறந்து, "ஏதாவது பிரச்சினையா?" என்றாள். பச்சடி என்று சொன்னதும் நிம்மதியாகச் சிரித்தாள். "இதற்காகவா வந்தீர்கள்? கேட்டருகே வைத்திருக்கலாமே!" எனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் அவள் சொன்னாள். 'உள்ளே வராதே' என்றுதான் என் காதில் விழுந்தது. மறுநாள் கிண்ணம், கழுவித் துடைத்து, என் கேட்டருகே இருந்தது.

அதன் பிறகு நானும் பெட்டி வைக்க ஆரம்பித்துவிட்டேன். மாலைக்குள் காலியாகிவிடும். என் பழத்தைத் தின்கிற ஒருவர் முகத்தையும் எட்டு வருடமாக நான் பார்த்ததில்லை. சில நாள் ஜன்னலோரம் உட்கார்ந்துகூடப் பார்த்திருக்கிறேன். தனிமை பொறுக்கமுடியாமல் போனது இந்தப் பெட்டியால்தான் என்றால் ஊரில் இருக்கிற நீங்கள் சிரிப்பீர்கள்.

ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவெடுத்துக்கொண்டுதான் போன தை மாதம் காரைக்குடிக்குப் போனேன். செக்காலையில், நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டில்தான் அக்கா இருக்கிறாள். மாடி காலியாகக் கிடந்தது. 'நான் அங்கே இருந்துகொள்ளட்டுமா?' என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். கூடப் பிறந்தவளிடம் அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்று, நாளை என்று பத்து நாள் ஓடிவிட்டது.

பதினோராவது நாள் அக்கா ஒரு வேலையாக நாச்சியாபுரம் போயிருந்தாள். அவள் வீட்டுச் சப்போட்டாவைப் பறித்து அரிசிக்குள் புதைத்து வைத்திருந்தோம். அத்தனையும் ஒரே நாளில் கனிந்து, தொட்டால் விரல் இறங்கியது. எலுமிச்சையும் கூடை கொள்ளாமல் கிடந்தது. வீணாகிறதே என்று எல்லாவற்றையும் ஒரு கூடையில் அடுக்கி, ஈ மொய்க்காமல் இருக்க மஞ்சள் துணி போர்த்தி, சீட்டு எழுதி, கேட்டுக்கு வெளியே வைத்தேன். பால்காரர் சைக்கிளை எதிர்ப்பக்கம் திருப்பி ஓட்டினார். ஒரு பெண் தன் பிள்ளையைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டுச் சித்ரா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். கூச்சப்படுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானம் அக்கா மூச்சிரைக்க நடந்து வந்தாள்.

"இத யாருடி வச்சது?"

"நான்தான். கனிஞ்சு போச்சு, யாராச்சும் எடுத்துக்கிறட்டும்னு..."

"நேத்து அமாவாச. எலுமிச்சம்பழம், மஞ்சத்துணி, அதுவும் வாசல்ல! யாரோ நம்ம வீட்டுக்குக் கழிச்சு வச்சுட்டாகன்னு சித்ரா போன்ல அழுவாத கொற. ஆட்டோக்காரரு இங்குட்டு வரமாட்டேன்னு அங்குட்டே எறக்கி விட்டுட்டாரு."

"சீட்டு எழுதித்தான வச்சிருக்கேன்?"

"அத யாருடி கிட்ட வந்து படிப்பா?"

கண்ணேறு கழித்துத் தெருவில் போட்டதை எங்கள் பக்கம் தொடமாட்டார்கள், தாண்டவும் மாட்டார்கள். எனக்குத் தெரியாததா? தெரியும். கை செய்தபோது நினைவுக்கு வரவில்லை. அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

அக்கா கூடையை உள்ளே எடுத்துவந்து பிரித்தாள். நசுங்கியது வாழைக்கு எருவாகப் போனது. குழைந்ததைப் பாலில் கரைத்தாள். நல்லதைத் தூக்குவாளியில் போட்டு, "நேர்ல போய்க் குடுத்தாத்தான் சந்தேகம் தீரும், வா" என்று என்னை இழுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

"நீங்கதான் வச்சீகளா!" என்று சித்ரா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் காலையிலேருந்து சாமி கும்பிட்டுக்கிட்டு இருக்கேன். உள்ள வாங்க, காப்பி குடிக்காமப் போகக்கூடாது." பாதிக் கதவு இல்லை, முழுசாகத் திறந்த கதவு. இதற்குத்தானே இத்தனை வருடம் ஏங்கினேன். இன்று ராத்திரிக்குள் அக்காவிடம் கேட்டுவிடுவது என்று அந்த நாற்காலியில் உட்காரும்போதே தீர்மானித்துவிட்டேன்.

"அவுகளுக்கு நம்ம வழக்கமெல்லாம் மறந்துருச்சு, பாவம்" என்றார் சித்ரா. பிறகு என்னைப் பார்த்து, "எப்பப் போறீக?" என்றார்.

நான் வாயெடுப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள். "வர்ற ஞாயித்துக்கெழம பிளைட்டு. மாடிய ஒரு டீச்சர் குடும்பம் கேட்டிருக்காக. இவ கெளம்புனதும் குடி வந்துருவாக."

அவள் மனதில் கள்ளம் ஒன்றும் இல்லை. எனக்கு இப்படி ஒரு நினைப்பு இருக்கக்கூடும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். "ஆமா, ஞாயித்துக்கெழம" என்றேன் நானும்.

சித்ரா அடுக்களைக்குப் போய்க் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தார். அக்காவுக்குச் சொம்பில். "ஒங்களுக்கு நம்ம தண்ணி ஒத்துக்கிறாதுல்ல" என்று என் கையில் மூடி திறக்காத ஒரு பாட்டிலைக் கொடுத்தார்.