சாவி என் தம்பியிடம் இருந்தது

இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்னி நட்சத்திரம் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில், ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயிலில் என் மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். அவளுக்கு அப்போது ஒரு வயது. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் ஊரிலேயே சொந்தமாக வாடகைக் கார் வைத்திருக்கும் ஒருவரைத்தான் அழைத்துப் போயிருந்தோம். ஐம்பது வயதிருக்கும். நல்ல மனிதர். வழி முழுக்க நான் அவரை 'அண்ணே, அண்ணே' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பின்னால் தெரியும்.

கோயிலில் இருந்ததே ஒரு புளியமரம். அதன் நிழலைச் சமையல்காரர்கள் அடுப்புக்குப் பிடித்துக்கொண்டார்கள். கார் வெட்டவெளியில் நின்றது. குரங்குத் தொல்லை என்று கண்ணாடிகளை முழுக்க ஏற்றிப் பூட்டியிருந்தார் டிரைவர்.

காதுகுத்து என்றால் தாய்மாமன் மடியில்தானே குழந்தை உட்கார வேண்டும்? என் தம்பி சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், பேன்ட் சட்டையோடு வந்திருந்தான். நாங்கள் எடுத்து வைத்திருந்த பட்டு வேட்டி துண்டைக் கொடுத்ததும், காரிலேயே மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று டிரைவரிடம் சாவியை வாங்கிக்கொண்டு போனான். வேட்டியும் துண்டுமாகத் திரும்பி வந்தான். அப்பா பூரித்துப் போய்விட்டார்.

மொட்டை ஆயிற்று. காதும் குத்தியாயிற்று. குழந்தை வீரிட்டு அழ ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. காரில் ஏசியைப் போட்டுப் பால் கொடுத்தால் தூங்கிவிடுவாள் என்று எனக்குத் தோன்றியது. தம்பி இடுப்பில் செருகியிருந்த சாவியை நானே கேட்டு வாங்கிக்கொண்டு, குழந்தையைத் தோளில் போட்டபடி காருக்கு நடந்தேன்.

பின் கதவைத் திறந்ததும் முகத்தில் அனல் அடித்தது. கூடவே ஒரு வாடை. கருகிய பிளாஸ்டிக்கும் ஏதோ பழ மிட்டாயும் சேர்ந்த மாதிரி ஒரு வாடை. பின் கண்ணாடிக்குக் கீழே, வெயில் நேராக விழும் இடத்தில் குழந்தையின் துணிப்பை இருந்தது. அதிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. என்னவென்று குனிந்து பார்க்கிறேன், பட்டென்று ஒரு சத்தம். பையிலிருந்து தீ சீறிக்கொண்டு கிளம்பியது. நான் அலறிக்கொண்டு பின்னால் போய் விழுந்தேன். குழந்தையை எப்படிக் கெட்டியாகப் பிடித்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் அவளை அந்த சீட்டில்தான் படுக்க வைத்திருப்பேன்.

ஏரி மதகு மேல் உட்கார்ந்திருந்த டிரைவர்தான் முதலில் ஓடி வந்தார். வெறும் கையால் பையை இழுத்து வெளியே போட்டு, மண்ணை வாரி வாரிக் கொட்டினார். அவர் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு பீடிக்கட்டு கீழே விழுந்தது.

அதைப் பார்த்தேனோ இல்லையோ, எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது.

"யோவ், அறிவு கீதா உனக்கு? கொழந்த வர்ற வண்டியில பீடி வலிச்சுப் போட்டுட்டுப் போயிருக்கியே, மனுசனாய்யா நீ?"

அப்பா ஓடி வந்து அவர் பங்குக்குக் கத்தினார். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். டிரைவர் கையை உதறிக்கொண்டே நின்றார். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கிளம்பியிருந்தது.

என் தம்பி காது குத்திய பந்தலில், பத்தடி தூரத்தில், துண்டைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

நாங்கள் கத்தி ஓய்ந்த பிறகு டிரைவர் வாயைத் திறந்தார். "யம்மா, நான் பீடி வலிக்கிறவன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா என் வண்டிக்குள்ள வலிச்சதே கெடையாது. காலையிலேர்ந்து அதோ அந்த மதகாண்டதான் குந்திக்கினு கீறேன். சாவிகூட உங்க தம்பியாண்டதானம்மா இருந்துச்சு?"

சொல்லிவிட்டு ஒரு குச்சியால் மண்ணைக் கிளறி, விரல் நீளத்தில் பாதி உருகிப்போன ஒரு குழாயை வெளியே தள்ளினார். "இது இன்னாம்மா? பீடி இப்டியா கீது?"

நான் ஆசிரியை. பிள்ளைகளிடம் இந்த மாதிரிக் குழாய் பிடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எங்கள் பள்ளியில் கூட்டம் போட்டுப் படமெல்லாம் காட்டியிருந்தார்கள். மின்சார சிகரெட். நம் நாட்டில் விற்கவே தடை செய்த சமாச்சாரம். பேட்டரியில் ஓடுவது, பழ மிட்டாய் வாசனையில் புகை விடுவது. பூட்டிய காருக்குள் அந்த வெயிலில் மணிக்கணக்கில் கிடந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

திரும்பித் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைத் தொங்கப் போட்டான்.

வேட்டியில் பை இல்லை. மடியில் செருகிக்கொண்டால் குழந்தையை உட்கார வைக்கும்போது உறுத்தும், அப்பா கண்ணில் பட்டுவிடும். கழற்றிய பேன்ட்டில் விட்டால் அம்மா மடித்து வைக்கும்போது கண்டுபிடித்துவிடுவாள். அதனால் குழந்தையின் துணிப்பைக்குள் சொருகி வைத்தானாம். அப்பாவுக்குப் பயந்துகொண்டு, என் மகளுடைய ஜட்டிக்கும் பாவாடைக்கும் நடுவில்!

"கருகிப்போன சீட்டுக்கு ஆவற செலவ நான் பாத்துக்கறேன்க்கா, விடேன்" என்றான். கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தேன், அத்தனை பேர் முன்னாலும். அடித்தது சரியா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு வருத்தம் இல்லை. அவன் புகைத்ததற்காக அடிக்கவில்லை. தீயைக் கண்ணால் பார்த்த பிறகும், கை வெந்துபோய் நின்ற ஒரு மனிதர் இவன் பழியைச் சுமக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தானே, அதற்காக அடித்தேன்.

ஆனால் என்னை யார் அடிப்பது? சாவியை என் கையால் வாங்கியதே அவனிடமிருந்துதான். அது என் புத்தியில் உறைக்கவே இல்லை. பீடிக்கட்டைப் பார்த்தேன், முடிவு செய்துவிட்டேன். வழி முழுக்க 'அண்ணே' என்று கூப்பிட்ட வாய், 'யோவ்' என்று சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். "பெத்தவளுக்குப் பதறாதா, வுடும்மா" என்று கட்டுப்போட்ட கையை ஆட்டினார். ஆனால் அதற்குப் பிறகு எப்போது கார் கேட்டாலும், வண்டி வேறு வேலைக்குப் போயிருக்கிறது என்றுதான் பதில் வருகிறது. என் தம்பி இன்று வரை அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவன் மிதிக்காதவரை என் மகளை அவன் மடியில் உட்கார வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதெல்லாம் வெயிலில் காரை நிறுத்தினால் போனோ, பவர் பேங்கோ, பேட்டரி போட்ட எதையும் உள்ளே விட்டுவிட்டு இறங்குவதில்லை. அது சுலபமாக வந்துவிட்டது. மகளுக்குத் தலை சீவும்போது அந்தக் காதுத் துளைகள் கண்ணில் படும், உடனே கொப்புளம் கிளம்பிய அந்த உள்ளங்கை ஞாபகத்துக்கு வரும், பின்னாலேயே கோபமும் வரும், அதில் பாதி என் தம்பி மேல், மீதிப் பாதி என் மேல்.