அந்தப் படகு என்னுடையதுதான்

1991-ஆம் வருடம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்று. பிள்ளைப்பாக்கம் ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. மடைப்பக்கம் மட்டும் ஆழம். அந்தத் தண்ணீரில் நான் ஒரு படகு விட்டேன். இரண்டடி நீளம், வெள்ளை உடம்பு, நீலக் கோடு, கையில் பிடித்த ரிமோட்டின் சொல்லுக்கு ஓடுகிற பொம்மைப் படகு. காலை ஒன்பது மணிக்கு என்னைவிடச் சந்தோஷமான ஆள் அந்த ஏரிக்கரையில் இல்லை. பதினொன்றரை மணிக்கு நான் என்ன ஆள் என்பது எனக்கே தெரிந்துபோனது.

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்த என் அக்காவின் கணவர், லீவில் வந்தபோது கொண்டுவந்து கொடுத்த படகு அது. எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. சுங்குவார்சத்திரத்தில் அக்கா வீட்டில் தங்கி, நெடுஞ்சாலை ஓரத்து கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் வேலை. பெர்மனென்ட் ஆர்டர் இன்று வரும் நாளை வரும் என்று காத்திருந்த காலம். அந்த வயதில் இதெல்லாம் விளையாட்டா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அது விளையாட்டாகத் தோன்றவில்லை. போகமுடியாத இடத்துக்கெல்லாம் மனசு போய்க்கொண்டே இருக்கிற வயது. அதற்கு ஒரு வாகனம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஆனால் வாகனம் நோஞ்சான். ஆறு பென்சில் செல் போட்டால் பத்து நிமிடம் ஓடும். ஏரி நடுவில் போய்க் களைத்து நின்றுவிடும். நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் போய்த் தூக்கி வருவேன். கரையில் மாடு மேய்ப்பவர்கள், “இன்னாப்பா, கப்பல் தரை தட்டிக்கிச்சா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். அக்கரை வேலமரம் வரை போய்த் திரும்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்தவன் என் நண்பன். நாகர்கோவில் பக்கத்துக்காரன். அவன் பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சே இல்லை. எங்கள் டீக்கடைக்காரர் அவனுக்கு ‘சிலோன்காரரு’ என்றே பெயர் வைத்துவிட்டார். “வாங்க சிலோன்காரரே, இன்னிக்கு இன்னா நியூஸு?” என்பார். அவனும், “நியூஸ் பொறவு, சாயா முதல்ல தாரும் ஓய்” என்பான். கடையே சிரிக்கும்.

அந்த மே மாதத்தில் எங்கள் பக்கம் நடந்தது உங்களுக்கும் தெரியும். ஸ்ரீபெரும்புதூரில் கூட்டத்துக்கு வந்த பெரிய தலைவர் ஒருவர் குண்டு வெடித்து இறந்தார். அவரோடு சாதாரண ஜனங்களும் இறந்தார்கள். சிலோன்காரர்கள் செய்தது என்று பேச்சு. அதற்குப் பிறகு சாலையெங்கும் சோதனை. வெளியூர் முகத்தைக் கண்டால் நின்று பார்ப்பது எங்கள் ஊர்ப் பழக்கமாகிவிட்டது. டீக்கடைக்காரர் அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டார். டம்ளரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். கடையில் முன்னைப்போல் சிரிப்பு இல்லை.

படகை அவனிடம் கொண்டுபோனேன். உள்ளே இருந்த இரண்டு சின்ன மோட்டார்களையும் பிரித்து, உள்ளே சுழலுகிற, தீப்பெட்டிக்குள் அடங்குகிற ஆர்மேச்சரை விரலில் வைத்து உருட்டிப் பார்த்தான். ஐந்து குதிரைசக்தி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கை. தலைமுடி மாதிரி இருந்த கம்பியை ஒவ்வொரு சுற்றாக எண்ணிக்கொண்டே பிரித்தான்.

“கம்பிய தடிப்பா போடுவோம், சுற்ற குறைப்போம். வேகம் வரும். ஆனா கரண்டு குடிக்கும், கேட்டியா மக்கா? இந்த செல்லெல்லாம் அதுக்குப் பத்தாது.”

எமர்ஜென்சி லைட்டில் இருக்கும் ஆறு வோல்ட் பேட்டரியைப் போட்டோம். கனம் தாங்காமல் படகு மூக்கைத் தண்ணீரில் குத்தியது. பேட்டரியை நடுவுக்குத் தள்ளி, முன்னால் தெர்மோகோல் அடைத்தான். மோட்டார் ஓடும்போது ரிமோட்டின் பேச்சைப் படகு கேட்கவில்லை. “மோட்டாரு மொத்தத்தையும் குடிச்சிருது. ரேடியோவுக்குக் காது அடைச்சுப் போகுது” என்று, ரேடியோவுக்கு மட்டும் தனியாக நான்கு செல் வைத்துக் கொடுத்தான். மூன்று வாரம், வேலை முடிந்த பிறகு அரை மணி, முக்கால் மணி. ஒரு டீக்கு மேல் என்னிடம் வாங்கவில்லை.

காயில் கட்டுபவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்ததும் மோட்டாரின் உடம்பில் பெயிண்டால் தங்கள் எழுத்தையும், கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ் எண்ணையும், சுற்றின் எண்ணிக்கையையும் எழுதிவைப்பார்கள். நாளைக்கு எரிந்து திரும்பி வந்தால் யார் கை கட்டியது என்று தெரிய வேண்டும். அந்தக் கட்டைவிரல் அளவு மோட்டாரிலும் சிவப்புப் பெயிண்டில் குச்சி முனையால் அவன் எழுதினான். “இதுக்குமா?” என்று சிரித்தேன். “எதுக்கானாலும் எனக்க கை பட்டதுக்கு நான்தான் ஜவாப்பு” என்றான்.

அந்த ஞாயிறு காலை படகு போனதே ஒரு போக்கு! தண்ணீரைக் கிழித்து இரண்டு பக்கமும் மடித்துப் போட்டுக்கொண்டு, நாரைகள் எழும்ப, வேலமரத்து நிழலைத் தொட்டு, நான் விரலை அசைத்ததும் அரைவட்டம் அடித்துத் திரும்பி வந்தது. நான் கத்தினேன். அவன் கத்தவில்லை. படகைத் தூக்கி, மூடியைத் திறந்து, மோட்டாரில் விரல் வைத்துச் சூடு பார்த்தான். “தாங்கும்” என்றான்.

திரும்பும்போது சைக்கிளை நான் மிதித்தேன். அவன் பின்னால் சாக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெடுஞ்சாலையில் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் சோதனைக்கு நிறுத்தினார்கள். பையைப் பிரித்தார்கள். மேலே ரிமோட், அதன் நீளமான ஏரியல். அடியில் படகு. மூடியைத் திறந்தால் கறுப்பு பேட்டரி, கலர் கலராக ஒயர், மோட்டாரில் சிவப்பு எழுத்தும் எண்களும். அந்த வருடம், அந்த ஊரில், அது எப்படித் தெரிந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இரண்டு பேர் நான்கு பேரானார்கள். ஒருவர் கையில் துப்பாக்கி இருந்தது.

“இன்னாடா இது நம்பரு? சீக்ரெட் கோடா?”

“காயில் கணக்கு சார். நான் கட்டினதாக்கும்.”

அவன் பேசியதும் எல்லாருடைய முகமும் மாறியது. “எந்த ஊர்டா நீ? சிலோனா?”

“இல்ல சார், நாகர்கோவில் பக்கம்.”

அவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். “யார்துடா இது?”

பெர்மனென்ட் ஆர்டர் ஞாபகம் வந்தது. அக்கா ஞாபகம் வந்தது. அப்போது என் வாய் சொன்னது: “அவன்து சார். எனக்கு இன்னான்னே தெரியாது. வழியில லிஃப்ட் கேட்டான், ஏத்திகினு வந்தேன்.”

அவன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் இத்தனை வருடத்தில் நான் அதற்கு ஏதாவது பதில் சொல்லி முடித்திருப்பேன். ஒரு மோட்டாரைத் தட்டிப் பார்த்து எங்கே பழுது என்று கண்டுகொள்கிற மாதிரித்தான் பார்த்தான். பிறகு அவர்களிடம் திரும்பி, “எனக்கதுதான் சார். இவருக்கு ஒண்ணும் தெரியாது” என்றான்.

என் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு என்னை விட்டுவிட்டார்கள். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள். நான் சைக்கிளை மிதித்தேன். பின்னால் கனம் இல்லாமல் அது வேகமாகப் போனது.

திங்கட்கிழமை ஷிப்டுக்குப் போனேன். ஸ்டோர்ஸில் போல்ட் எண்ணினேன், நட் எண்ணினேன், எண்ணிக்கை தப்பித் தப்பி மறுபடி எண்ணினேன். சாயங்காலம் டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, “காயில் கடைக்காரனை இட்டுகினு போய்ட்டாங்களாமே? நீ அவங்கூடத்தானே சுத்திகினு இருந்த?” என்றார். “சும்மா பழக்கம்ண்ணே, அவ்ளோதான்” என்றேன். இரண்டாவது முறை சொல்லும்போது முதல் தடவை அளவுக்குக்கூட நாக்கு தடுமாறவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் அக்கா படகைக் கேட்டாள்: “எங்கடா போட்டு? அது வந்த பொட்டி மட்டும் அலமாரி மேல கீது.”

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அக்கா அடுப்பை அணைத்தாள்.

“பொட்டி மேல போட்டு படம் கீது. உள்ள கஸ்டம்ஸ் சீட்டுல உங்க மாமா பேரு கீது. இது ஒண்ணு போதும் அவனை வெளிய கொண்டார. இத்த வூட்ல வெச்சிகினு நீ போய் போல்ட் எண்ணிட்டு வந்திருக்க?”

“வேலை போய்டும்க்கா.”

“போவட்டும். காலைல நீ போறியா, இல்ல நான் எடுத்துகினு போவட்டுமா? நான் போனா, எந்தம்பி பயந்துகினு வூட்ல குந்திகினுகீறான்னு சொல்லிட்டுத்தான் வருவேன்.”

செவ்வாய்க்கிழமை காலை இரண்டு பேரும் பெட்டியோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்த அதிகாரி பெட்டியை வாங்கிப் படத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார். என் உயிர் திரும்பிக்கொண்டிருந்தது. அப்போது அவர் படகின் மூடியைத் திறந்து, பெட்டியோடு இருந்த காகிதத்தில் அச்சாகியிருந்த படத்தைப் பக்கத்தில் வைத்தார்.

“இதுல ஆறு செல் போட்டிருக்கு. உள்ள பெரிய பேட்டரி இருக்கு. இந்தப் படத்துல இருக்கிற ஒயரு எதுவும் இங்க இல்ல. இது அது இல்லையே?”

படகை மாற்றியது நாங்கள். அந்த மாற்றமே இப்போது அவனுக்கு எதிராக நின்றது. “வேகத்துக்காக சார்” என்றேன். “ரேடியோவுக்கு எதுக்குத் தனி செல்?” என்றார். மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வரவில்லை. அக்காதான், “கட்டினவனையே கூப்ட்டுக் கேளுங்க சார்” என்றாள்.

அழைத்து வந்தார்கள். அதே சட்டை. இரண்டு நாள் தாடி. என்னைப் பார்த்ததும் தலையை மட்டும் அசைத்தான். அதிகாரி கேட்கக் கேட்க, கடையில் விவசாயிக்குச் சொல்கிற அதே நிதானத்தில் பதில் சொன்னான். எழுத்து தன் பெயரின் முதல் எழுத்து. முதல் எண் கம்பியின் கேஜ், இரண்டாவது சுற்று. ஏன் பேட்டரி, ஏன் நடுவில், ஏன் தெர்மோகோல். கடைசியில், “தண்ணில விட்டுக் காட்டட்டா சார்?” என்று கேட்டான்.

கொல்லைப்புறத்தில் சிமெண்ட் தொட்டி இருந்தது. அவன் கையில் ரிமோட்டைத் தரவில்லை, அதிகாரியே பிடித்துக்கொண்டார். கொஞ்சம் தள்ளி எல்லாரும் நின்றோம். அவர் பித்தானை அழுத்தியதும் படகு பாய்ந்து எதிர்ச் சுவரில் டமாரென்று மோதி, பக்கத்தில் நின்ற காவலரின் பேண்ட் முழுக்கத் தண்ணீரை வாரி அடித்தது. “ஐயோ! போட்டா சார் இது, எருமைமாடு!” என்றார் அவர். யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பிறகு அங்கே காற்று ஓடியது.

அதிகாரி அவனிடம் கேட்டார்: “இவன்துன்னா, நீ ஏன்யா உன்னுதுன்னு சொன்ன?”

“பொய் சொல்லல சார். அதுக்குள்ள இருக்க மோட்டாரு எனக்க வேலை. அதைக் கண்டுதான பயந்திய? அதுக்கு இவரு எப்படி ஜவாப்பு சொல்லுவாரு?”

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். கையெழுத்து போடும் இடத்தை மட்டும் விரலால் காட்டினார். ‘படகு என்னுடையதுதான்’ என்று எழுதி, கீழே கையெழுத்து போட்டேன். அவனை விட்டுவிட்டு, படகை மட்டும் விசாரணை முடியும்வரை வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பிறகு நான் போய்க் கேட்கவே இல்லை.

வெளியே வந்ததும் அக்கா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “மன்னிச்சிக்கப்பா, எங்க வூட்டுப் புள்ள பண்ணது” என்று அழுதாள். “சாரமில்ல அக்கா” என்றான், பரவாயில்லை என்பதற்கு அவன் ஊர்ச் சொல். உள்ளே எப்படி இருந்தது என்று கேட்டேன். “சோறு தந்தாங்க” என்றான். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

என் வேலை போகவில்லை. அடுத்த மாதமே ஆர்டர் வந்தது. அவன் வேலைதான் போனது. போலீஸ் கூட்டிக்கொண்டு போனவனைக் கடையில் வைத்துக்கொள்ள முதலாளி பயந்தார். அவரும் என்னைப்போலத்தான், அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அந்த வெள்ளிக்கிழமை, கம்பி சுற்றும் தன் சொந்தக் கை மெஷினை ஒரு துணியில் கட்டிக்கொண்டு அவன் ஊருக்குக் கிளம்பினான். நான் பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அது வாய்வரை வந்து நின்றது. நான் சொன்னது, “ஊருக்குப் போய் லெட்டர் போடு மச்சான்.”

“போடுதேன்” என்றான். பஸ் வந்தது. ஏறினான். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, முகம் தெரியவில்லை.

லெட்டர் வரவில்லை. அவன் முகவரியை நான் ஒருநாளும் கேட்டு வைத்துக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சில வருடம் கழித்து நாகர்கோவில் போய், மோட்டார் கடை கடையாக விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை.

பயம் எல்லாருக்கும் வரும், அதற்காக என்னை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் அன்று என் பயத்தை இன்னொருவன் மடியில் இறக்கிவைத்துவிட்டு, லேசான சைக்கிளில் வீடு திரும்பினேனே, அந்த லேசை மட்டும் இன்றுவரை என்னால் இறக்கிவைக்க முடியவில்லை.