பதினைந்து நிமிடத்துக்கு எத்தனை வார்த்தை

கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றால் முதலில் ஏறுவது வேகவைத்த வேர்க்கடலை வாசனைதான்; எங்கள் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பெயர். அடுத்து என் ஜன்னல் வழியாக ஒரு கை நீளும். கிரீஸ் படிந்த விரல்கள்... அவற்றுக்கு நடுவில் சிகரெட் அட்டையில் மடித்த ஒரு மெமரி கார்டு.

அது கண்ணன் அண்ணன் கை. பைபாஸ் ஓரத்தில் பஞ்சர் கடை வைத்திருந்தார். நான் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்தில் ஒரு டிடிபி கடைக்குத் தினமும் டைப் அடிக்கும் வேலைக்குப் போய்வந்த காலம் அது. எல்லோர் கையிலும் பட்டன் போன்.

கார்டில் இருந்தது வரலாற்றுப் பாடம். எங்கள் தெரு ஸ்டெல்லாவுக்காக. அவளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. எம்.ஏ. முடித்துவிட்டு ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வாசித்துக் காட்ட வீட்டில் ஆள் இல்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் விடிந்ததும் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள்.

அதனால் நோட்ஸ் முழுவதையும் நான் கடையில் டைப் செய்து, பிரிண்ட் எடுத்து, மூன்று பேர் பிரித்துக்கொண்டோம். நான், என்னோடு வேலை செய்த சுமதி, ஸ்டெல்லாவின் பெரியப்பா மகனான கண்ணன் அண்ணன். ஒரு பதிவுக்கு எட்டுப் பக்கம். அவரவர் போனில் வாசித்துப் பதிந்து, கார்டை அவளிடம் கொடுத்துவிடுவோம்.

மூன்று வாரம் இப்படி ஓடியது. எங்களுக்குப் பெருமை வேறு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவளிடம் சும்மா கேள்வி கேட்டுப் பார்த்தேன். வேலூர்க் கலகத்துக்கான காரணங்கள். மடமடவென்று நாலு சொன்னாள். ஐந்தாவதில் நின்றுவிட்டாள். வேறு பாடம் கேட்டேன். அதிலும் பாதி. இன்னொன்று... அதிலும் பாதி. படிக்கவில்லையா என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"அதுக்கு மேல கார்டுல இல்லக்கா. எல்லாப் பாடமும் நடுவுலயே நின்னு பூடுது."

வாங்கிக் கேட்டேன். பதினைந்து நிமிடம் ஆனதும் பதிவு தானாக நின்றிருக்கிறது. அந்த போன்களின் எல்லை அவ்வளவுதான். ஒரு பீப் சத்தம்கூட வராது. நாங்கள் மூன்று பேரும் அதற்குப் பிறகும் போன் முன்னால் உருக்கமாக வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

ஏன் சொல்லவில்லை என்றேன்.

"வேலய உட்டுட்டு எனக்காக படிச்சிக்கினு இருக்கீங்க. திரும்பப் படிங்கன்னு எந்த வாயால கேக்கறது?"

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தேர்வுக்கு நாற்பது நாள். மொத்தம் முப்பத்தோரு பாடம். எல்லாவற்றையும் முதலிலிருந்து வாசிக்க வேண்டும். வாசித்தே தீருவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். இனிப் பக்கக் கணக்கு உதவாது; ஒரு பக்கத்தில் நெருக்கமான எழுத்து, இன்னொன்றில் பாதிக்கு மேல் காலி. வேர்டில் கீழே ஓரத்தில் வார்த்தை எண்ணிக்கை இருக்கும். மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் அந்தப் பகுதியில் மட்டும் எத்தனை என்று காட்டும். அதை வைத்துப் பிரித்தால் முடிந்தது வேலை என்று நினைத்தேன்.

முதலில் மூன்று பேர் வேகத்தையும் அளந்தேன். சுமதி ரயில் வேகம். பதினைந்து நிமிடத்தில் ஆயிரத்து ஐந்நூறு வார்த்தை. நான் ஆயிரத்து இருநூறு. கண்ணன் அண்ணன் வேகத்தை அவருடைய பழைய பதிவிலிருந்தே எடுத்தேன்; எழுத்துக் கூட்டிப் படிப்பவர், எழுநூறு. ஆளுக்கு ஐம்பது குறைத்தேன்... தும்மலுக்கும் லாரி ஹாரனுக்கும்.

அப்படியும் முதல் பாடமே இடித்தது. என் பங்கை வாசிக்கப் பதினேழு நிமிடம் ஆனது. மண்டை காய்ந்துவிட்டது. ரொம்ப நேரம் கழித்துத்தான் பிடிபட்டது. 1806 என்பது வேர்டுக்கு ஒரே வார்த்தை. வாய்க்கு? ஆயிரத்து எண்ணூற்று ஆறு. வரலாற்றுப் பாடத்தில் வருஷத்துக்கா பஞ்சம்? போதாததற்கு, அழகுக்காக நான் கட்டம் கட்டி உள்ளே எழுதியிருந்ததை அது கணக்கில் சேர்க்கவே இல்லை.

வருஷம் ஒவ்வொன்றையும் மூன்றாக எண்ணினேன். கட்டங்களைக் கலைத்து வரிகளுக்குள் கொண்டுவந்தேன். வெட்டும் இடம் வாக்கியத்தின் நடுவில் விழுந்தால் முந்தைய முற்றுப்புள்ளிக்குப் பின்வாங்கினேன். கரண்ட் போகும், சேவ் செய்யாததும் கூடவே போகும். மறுபடி எண்ணுவேன். கல்யாணப் பத்திரிகை காத்துக்கிடக்கும்போது இதென்ன வேலை என்று ஓனர் முணுமுணுத்தார். சாப்பாட்டு நேரம் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அந்த மாதம் நான் சோறு சாப்பிட்டதெல்லாம் பஸ்ஸில்தான்.

கண்ணன் அண்ணனிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் இறங்கி அவர் கடைக்கே போனேன். இதுவரை பதிந்ததெல்லாம் பாதிதான் என்றதும், டியூபைத் தண்ணீரில் அமுக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப நா இத்தினி நாளா சும்மா கத்திக்கினு இருந்தனா?"

ஆமாம் என்றேன். சிரித்துவிட்டார். லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

"எனக்கு எத்தினி வார்த்த? அத மட்டும் சொல்லு."

அறுநூற்று ஐம்பது என்றேன். தலையாட்டிக்கொண்டார்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால் கடைசிக் கார்டு போய்ச் சேர்ந்தது. முப்பத்தோரு பாடமும் முழுசாக. அந்தத் தடவை அவளுக்கு வேலை கிடைக்கவில்லை. விடவில்லை அவள், அதே பதிவுகளைக் கேட்டுப் படித்து அடுத்த தடவை வாங்கிவிட்டாள். இன்று பனமலைப் பக்கம் ஒரு பள்ளியில் வரலாறு எடுக்கிறாள்.

இப்போது எதையும் பிரித்து எண்ண வேண்டியதில்லை. பக்கத்தைப் போட்டோ எடுத்தால் போனே படித்துக் காட்டிவிடுகிறது... எத்தனை மணி நேரமானாலும் நிற்பதில்லை. மெஷின் குரல் பிடித்திருக்கிறதா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன்.

"தெளிவா படிக்குதுக்கா. திரும்பப் படின்னு பத்து தபா சொல்றேன், கூச்சமே இல்ல. ஒங்ககிட்ட ஒரு தபா சொல்ல மூணு வாரம் பயந்துக்கினு இருந்தேன்."

அந்த மூன்று வாரமும் சாயங்காலமானால் நான் அவள் வீட்டில்தான் இருந்தேன். கார்டைக் கொடுத்துவிட்டு, அவள் அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, இன்னும் எத்தனை பாடம் பாக்கி என்று எண்ணிச் சொல்லிவிட்டு வருவேன்.

முழுசாகக் கேட்கிறதா என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.