கொம்பில் நீலம்

ஆடுகளுக்குத் தடுப்பூசி போடும் செல்வி அக்காவுக்காக, சிக்னல் இல்லாத இடத்திலும் ஓடுகிற ஒரு பதிவுப் பக்கம் செய்திருந்தேன். சி மொழியில் எழுதிய டேட்டாபேஸ் லைப்ரரியை வெப்அசெம்பிளி என்ற, பிரவுசருக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றி, ஜாவாஸ்கிரிப்டோடு இணைத்து, போனின் பிரவுசருக்குள்ளேயே ஓட வைத்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

பென்னாகரம் பக்கம் காட்டோர ஆட்டுப்பட்டி ஒன்றில் முதல் சோதனை. பாதி ஆடுகள் முடிந்தபோது, ஒரு குட்டியின் வாய்ப்புண்ணைப் படமெடுக்க அக்கா கேமராவைத் திறந்தார். திரும்பி வந்தால் பக்கம் புதிதாகத் திறந்து வெறுமையாக நின்றது. பதிவுகள் எல்லாம் பிரவுசரின் தற்காலிக நினைவகத்தில் மட்டுமே இருந்தன. போனில் எழுதிச் சேமிக்கும் இணைப்பை நான் போடவே இல்லை.

ஊசி போட்டதும் போடாததும் பட்டியில் கலந்து நின்றன.

"மறுபடியும் எல்லாத்துக்கும் குத்தணுங்களா?" என்று ஆட்டுக்காரர் என்னைக் கேட்டார்.

"வேணாங்க. போட்டதுக்கெல்லாம் கொம்புல நீலம் தடவியிருக்கேன்," என்றார் அக்கா. என் பக்கம் திரும்பி, "நான் பாத்துச் சொல்றேன், நீங்க போன்ல ஏத்துங்க," என்றார். அவ்வளவுதான்.

அவர் தடவுவதைக் காலையிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நான் செய்த பதிவுப் பக்கம் வந்த பிறகு இது எதற்கு என்றுகூட நினைத்தேன்.

அன்று மாலையே சேமிக்கும் இணைப்பை எழுதினேன். அதன் பிறகு ஒரு பதிவும் தொலையவில்லை. அக்கா இன்னும் நீலம் தடவுகிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.