டப்பாவில் இருக்க வேண்டிய பெயர்

ஜொகூர் சீமையில், குளுவாங் கடைத்தெருவில் தகரக் கூரை போட்ட கடை, அதன் பின்னால் மெழுகு உருக்கும் அடுப்பு, விடிந்ததும் முகம் காட்ட வந்து நிற்கும் கூட்டம். இவ்வளவும் நான் கட்டியது. கப்பலேறியபோது எனக்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. மலைக்காய்ச்சலும் கங்காணியின் பிரம்பும் என்னைச் சாய்க்கப் பார்த்தன, நடக்கவில்லை. ஊரில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள்: இந்த ஜொகூரில் மழை ஓய்வதில்லை, சுவரில்கூடப் பாசி பிடிக்கும். அப்படியிருந்தும் என் முகம் கோடைக்கால ஏரிபோல வெடித்துக் கிடந்தது.

காரணம் நான் வேலைசெய்த ரப்பர் தோட்டத்துப் புகைக்கூண்டு. ரப்பர் தகடுகளைத் தொங்கவிட்டு விறகுப் புகையில் உலர்த்தும் வீடு அது. தகடோடு நானும் உலர்ந்தேன். நம் ஊரில் முகம் எரிந்தால் கைக்கு வந்த எண்ணெயைத் தடவுவோம்; எல்லா முகத்துக்கும் ஒரே எண்ணெய்தான். நானும் தேங்காயெண்ணெயில் தேன்மெழுகு உருக்கிக் களிம்பு செய்தேன். எனக்குக் குணமானது. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும் பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கொடுத்தேன். அவன் முகமெல்லாம் பரு. தோல் ஒன்றல்ல என்று அப்போதுதான் உறைத்தது.

தோட்டத்தை ஒட்டிய கம்பத்தில், அதாவது மலாய்க்காரர் கிராமத்தில், ஒரு மலாய்ப் பெண்மணி அரிசிமாவைச் சிறு உருண்டைகளாக்கிக் காயவைத்திருந்தாள். பலகாரம் என்று எண்ணி ஒன்றை வாயில் போட்டுவிட்டேன். "அலமாக்", ஐயோ அம்மா, என்று விழுந்து விழுந்து சிரித்தவள், இன்னொன்றை நீரில் கரைத்துத் தன் கன்னத்தில் பூசிக் காட்டினாள். முகத்தைக் குளிரவைக்கும் அந்தக் குளிர்மாவிலிருந்து என் முறை பிறந்தது. எழுந்ததும், கழுவுமுன், சிகரெட் சுற்றும் மெல்லிய தாளை முகத்தில் ஒற்றிப் பாருங்கள். எண்ணெய் படியாவிட்டால் பயத்தமாவால் கழுவி, ஈரம் போகுமுன் மெழுகுக் களிம்பைக் கடுகளவு பூசலாம். படிந்தால் மெழுகு ஆகாது. கற்றாழைச் சோற்றை அடித்த நீர் போதும், வெயிலில் இறங்குவோர் மேலே குளிர்மாவு பூசட்டும். நெற்றியில் மட்டும் படிந்தால் நெற்றிக்கு ஒன்று, கன்னத்துக்கு ஒன்று.

எங்கள் தோட்டத்துக் கிராணி, துரைக்குக் கணக்கெழுதுபவர், இதைக் கேட்டுச் சிரித்தார். "முகத்துக்கு முகம் மருந்தா? நீ என்ன லண்டன் டாக்டரா?" சிரித்த வாயோடு என் மெழுகுக் களிம்பை மட்டும் திருடி, டப்பாவில் அடைத்து, தன் பெயரை அச்சடித்து விற்றார். தாள் ஒற்றும் விஷயம் அவருக்கு வேண்டாத வேலை.

சாமி சும்மா இருக்குமா? அவர் மகளுக்கே எண்ணெய் முகம். அப்பன் டப்பாவைப் பூசிப் பூசி அந்தப் பெண்ணின் கன்னம் பழுத்துவிட்டது. என் வீட்டு வாசலில் கிராணி வந்து நின்றார்.

"மாரி, பொண்ணு பாக்க ஜொகூர் பாருலேருந்து வராங்க. ஏதாச்சும் பண்ணு."

"களிம்பு கண்டுபிடிச்சவரே நீங்கதானே, கிராணியாரே? இங்க என்ன வேலை?"

"கிண்டல் பண்ற நேரமா இது?"

"காலையில பெரட்டுல எல்லாரும் பேர் குடுக்க வரிசையா நிக்கிறப்ப, இது மாரிமுத்து செஞ்சதுன்னு சொல்லுங்க. அப்புறம் கற்றாழை கொண்டாறேன்."

"சொல்றேன்லா."

மறுநாள் பெரட்டில் சொன்னார், துரையைப் பார்த்து, எனக்குப் புரியாத இங்கிலீஷில். என் பெயர் காதில் விழுந்தது. துரை தலையாட்டினார். நெஞ்சு நிமிர்ந்து போய் அந்தப் பெண்ணின் முகத்தைத் தேற்றிக் கொடுத்தேன், கல்யாணமும் முடிந்தது. பிறகுதான் துரை வீட்டுச் சமையல்காரர் கேட்டார், "ஏண்ணே, நீங்க கிராணிக்கு டப்பா கழுவுற ஆளாமே? பெரட்டுல அதைத்தானே சொன்னாரு."

அந்த வாரமே தோட்டத்தை விட்டேன். அவர் டப்பா விற்கும் கடைக்கு எதிரிலேயே என் கடையைப் போட்டேன். வருகிறவர் முகத்தில் இலவசமாகத் தாள் ஒற்றுகிறேன். எண்ணெய் படிந்தால், "எதிர்க்கடைப் பக்கம் தலைவச்சும் படுக்காதீங்க" என்கிறேன். அவர் டப்பாக்கள் துருப்பிடிப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவதில் எனக்கு ஒரு ருசி.

ஆனாலும் மனம் ஆறவில்லை. என்னிடம் வராமலே ஊர் திரும்புவோர் பெட்டியில் அந்த டப்பாவும் நாகப்பட்டினம் இறங்குகிறது. இங்கே என்னை அறிந்தவர்களுக்கு டப்பாவில் உள்ளதைப் படிக்கத் தெரியாது. அங்கே படிக்கத் தெரிந்தவர்களுக்கு என்னைத் தெரியாது. என் கைக்களிம்பைப் பூசிக்கொண்டு என் ஊரே யாரோ ஒரு கிராணியை வாழ்த்துகிறது. ஆகவே டப்பா வைத்திருக்கும் ஒவ்வொருவரையும் கேட்கிறேன்: ஆணி எடுத்து அந்தப் பெயரைச் சுரண்டுங்கள். அந்த இடத்தில் மாரிமுத்து என்று கீறுங்கள்.