பின்சீட்டுக்காரர்

எங்கள் கட்டடத்தின் கீழ்வீட்டில் இருக்கும் பேக்கரி மாஸ்டருக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மிதிவண்டியும் தெரியாது. இரண்டு சக்கரத்தின் மேல் ஏறினால் தரை ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று ஆகிவிடுகிறது என்பார். வீட்டில் வண்டி ஓட்டுகிறவர் அவர் மனைவிதான். அவருடைய அண்ணன் வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது, துருப்பிடிக்காமல் பார்த்துக்கொள் என்று தங்கையிடம் விட்டுப்போன வண்டி அது. துருப்பிடிக்காமல் இருக்க ஓட்டுவதுதான் வழி என்று முடிவுகட்டி, நாற்பதை நெருங்கும் வயதில் மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். தெருவுக்கே அவர் பைக் அக்கா. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வர வேண்டும். போகிற வழியில் மாஸ்டரைப் பேக்கரியில் இறக்கிவிடுவார்.

அந்தக் காட்சியை நான் மாடியிலிருந்து தினமும் பார்ப்பேன். அக்கா குச்சி மாதிரி இருப்பார். மாஸ்டர் நல்ல வாட்டசாட்டம். எதிரே வருகிறவர்களுக்கு அக்காவின் இரண்டு பக்கமும் மாஸ்டர் தெரிவார். ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் ரத்தக் குப்பிகள் வைக்கும் குளிர்பெட்டியை மடியில் அணைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு பயணம் போகிறவர் மாதிரி கவனமாக உட்கார்ந்திருப்பார். இறங்குவதற்கு முன் "இறங்கறேம்மா" என்று குரல் கொடுப்பார். அக்கா இரண்டு காலையும் ஊன்றிக்கொள்வார். சொல்லாமல் இறங்கினால் வண்டி துள்ளிவிடும்.

அந்த வருடம் மழை தொடங்கியதும் வண்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. வெயிலில் ஒழுங்காக ஓடுகிற வண்டி, நனைந்துவிட்டால் இருமும், திக்கும், முறுக்க முறுக்க மூச்சை விட்டுவிடும். ஒருநாள் நாற்சந்தியில் நடுவழியில் நின்று, பின்னால் வந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்து அக்காவை ஒரு வழி பண்ணிவிட்டன.

எங்கள் கட்டடத்துக்கு நேர் எதிரேதான் மெக்கானிக் பட்டறை. மெக்கானிக் அதிகம் பேச மாட்டார். வாயைத் திறந்தால் நட்டும் போல்ட்டும் கொட்டிவிடும் என்பதுபோல இருப்பார். ஆனால் வேலையில் சுத்தம். முதலில் பிளக்கைக் கழற்றித் துடைத்து, அதன் தலையில் மாட்டும் ரப்பர் மூடியின் ஈரத்தைக் காற்றடித்துப் போக்கினார். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். வண்டி பூப்போல ஓடியது. அடுத்த மழையில் வேதாளம் பழையபடி முருங்கை மரம் ஏறிக்கொண்டது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்று கார்புரேட்டரில் தங்கியிருந்ததை வடித்துக் கொட்டினார். பிறகு காற்று வடிகட்டியைப் பிழிந்து உலர்த்தினார். ஒவ்வொரு தடவையும் அவர் ஓட்டிப் பார்க்கும்போது வண்டி நல்லபிள்ளையாக நடந்துகொள்ளும். மறுபடி மழை வந்தால் குணத்தைக் காட்டிவிடும். மெக்கானிக்குக்கு ரோஷம் வந்துவிட்டது. கூலி வேண்டாம், கண்டுபிடிக்கிற வரைக்கும் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்.

இதற்கு நடுவில், யாரும் கவனிக்காத ஒன்றை மாஸ்டர் கவனித்திருந்தார். மழையில் திக்கித் திணறிப் பேக்கரி வரைக்கும் வருகிற வண்டி, அவர் இறங்கிய பிறகு ஒரு இருமல்கூட இல்லாமல் போகிறது. பேக்கரி வாசலில் நின்று, தெருமுனை திரும்பும்வரை காது கொடுத்துக் கேட்டிருக்கிறார். அடுத்த மழையிலும் அப்படியே. அக்காவுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. எஞ்சின் சூடேறி ஈரம் காய்ந்துவிடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். மாஸ்டர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டார். மெக்கானிக் தனியாக ஓட்டினால் கோளாறு இல்லை. மனைவி தனியாக ஓட்டினாலும் இல்லை. அப்படியானால் கோளாறு பின்சீட்டில்தான் இருக்கிறது.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, முன்கூட்டியே கிளம்பி நடந்தே வேலைக்குப் போக ஆரம்பித்தார். அக்காவுக்குச் சந்தோஷம். எத்தனையோ வருடமாகத் தான் சொல்லிக் கேட்காத மனிதர், டாக்டர் சொல்லியாவது கேட்கிறாரே என்று என்னிடம் பெருமைப்பட்டுக்கொண்டார். வண்டியும் அதற்குப்பின் தொல்லை தரவில்லை. மெக்கானிக் கடைசியாகச் செய்த வைத்தியம் பலித்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். மெக்கானிக் மட்டும் நம்பவில்லை. என்ன செய்து சரியானது என்று தெரியாமல் சரியாவது அவருக்குப் பிடிக்கவில்லை.

நடந்ததோடு மாஸ்டர் நிறுத்தவில்லை. வாயையும் கட்டிவிட்டார். அடுப்பிலிருந்து ரொட்டி இறங்கியதும் ஒரு துண்டு பிய்த்துத் தின்று பார்ப்பது அவர் வழக்கம். அதை விட்டுவிட்டார். அதன் பலனை நாங்கள் அனுபவித்தோம். ஒருநாள் ரொட்டியில் உப்பே இல்லை. இன்னொரு நாள் கடல் தண்ணீரில் பிசைந்த மாதிரி இருந்தது. பேக்கரி முதலாளி, மாஸ்டருக்கு வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அக்காவையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டார். வீட்டில் ஒரு பிரச்சினையும் இல்லையே என்று அக்கா குழம்பிப்போனார்.

குட்டு வெளிப்பட்டது ஒரு கொட்டுகிற மழையில். அன்றைக்கு அக்கா வழக்கத்தைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டார். பாதி வழியில், மூடிக்கிடந்த ஒரு கடையின் தகரக் கூரைக்குக் கீழே மாஸ்டர் நிற்பதைப் பார்த்தார். தலையில் மைதா மாவுப் பை, கையில் செருப்பு, முட்டிவரை சேறு. குடையைப் பள்ளிக்குப் போகும் மகனுக்கென்று வைத்துவிட்டு, தனக்கு வேறு குடை இருக்கிறது என்று சொன்ன ஆள் அவர்.

அக்கா வண்டியை ஓரங்கட்டி ஏறச் சொன்னார். மாஸ்டர் மாட்டேன் என்றார். மழையில் நடக்கச் சொல்லி எந்த டாக்டர் எழுதிக்கொடுத்தார் என்று கேட்டார் அக்கா. மாஸ்டர் கையிலிருந்த செருப்பைக் கீழே போட்டார்.

"டாக்டர் ஒண்ணும் சொல்லலம்மா. நான் ஏறினாத்தான் உன் வண்டி நிக்குது. நான் இறங்கினா நல்லா போகுது. நடுரோட்டுல நீ எல்லார்கிட்டயும் பேச்சு வாங்கறதை என்னால பாக்க முடியல. உடம்பைக் கொஞ்சம் இறக்கிட்டு ஏறிக்கலாம்னு நினைச்சேன்."

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "இப்ப ஏறறீங்களா, இல்ல நானும் வண்டியைத் தள்ளிக்கிட்டு உங்ககூட நடக்கட்டுமா?" என்றார்.

மாஸ்டர் ஏறினார். பத்தடி போவதற்குள் வண்டி இருமியது. மாஸ்டர் பின்னாலிருந்து, பார்த்தாயா என்பதுபோல ஒரு பெருமூச்சு விட்டார். அவர் மானம் போனாலும் அவர் கணக்கு தப்பவில்லை.

அக்கா வண்டியைத் திருப்பி, மாஸ்டரோடு நேரே பட்டறைக்கு வந்தார். அந்த இருமல் சத்தம் மாடிவரை கேட்டு நானும் இறங்கிப் போனேன். அக்கா விஷயத்தைச் சொன்னதும் மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை. இதை ஏன் முதல் நாளே சொல்லவில்லை என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டார். பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, மாஸ்டரைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னார். எஞ்சின் திக்கியது. எழுந்திருக்கச் சொன்னார். சீரானது. மறுபடி உட்கார வைத்தார். மறுபடி திக்கியது. எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் மாஸ்டருக்கு மூச்சு வாங்கியது. நடை செய்யாததை இது செய்துவிடும்போல இருந்தது.

மெக்கானிக் சீட்டைக் கழற்றினார். அடியில், சட்டத்தின் மேல் சீட்டைத் தாங்க வேண்டிய ரப்பர் கட்டைகளில் ஒன்று விழுந்துபோயிருந்தது. பாரம் ஏறும்போது சீட்டின் அடித்தகடு தாழ்ந்து, பக்கத்தில் ஓடும் ஒயரைச் சட்டத்தோடு வைத்து நசுக்கியிருக்கிறது. எஞ்சினை அணைப்பதற்கான ஒயர் அது; சட்டத்தில் பட்டாலே எஞ்சின் அணைந்துவிடும். தோல் உரிந்து செம்பு தெரிந்தது. காய்ந்திருக்கும்போது தொட்டும் தொடாமலும் தப்பித்துவிடும். நனைந்தால் அந்த இடைவெளியைத் தண்ணீர் நிரப்பிவிடும். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல எஞ்சின் விட்டுவிட்டு அணையும்.

தேடியது கிடைத்த சந்தோஷத்தில் மெக்கானிக் அன்றைக்கு ஒரு மாதத்துப் பேச்சைப் பேசினார். உரிந்த இடத்துக்கு டேப் சுற்றி, மேலே ஒரு குழாய் உறை போட்டு, ஒயரைத் தள்ளிக் கட்டினார். புது ரப்பர் கட்டை பொருத்தினார். மாஸ்டர் எல்லாவற்றையும் கை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"அப்ப என் உடம்பால இல்லையா?"

மெக்கானிக்குக்குப் பொய் சொல்ல வராது. "ரப்பர் போனதாலதான். நீங்க ஒல்லியா இருந்தாலும் போயிருக்கும்" என்றவர், கொஞ்சம் யோசித்து, "கொஞ்ச நாள் கழிச்சுப் போயிருக்கும்" என்றார்.

அக்கா அங்கேயே, பட்டறை வாசலில், அத்தனை பேர் முன்னால் சிரித்தார். அடுத்த வினாடி மாஸ்டரும் சிரிக்க ஆரம்பித்தார். வயிறு குலுங்கச் சிரித்ததில் தலையில் இருந்த மாவுப் பை நழுவி விழுந்தது. அதை எடுத்து உதறி மடித்து அக்கா தன் தோள்பையில் வைத்துக்கொண்டார்.

சரியாகிவிட்டது என்று மெக்கானிக் சொன்னதை மட்டும் நம்பி அவர்கள் விட்டுவிடவில்லை. அந்த வாரம் இருவருக்கும் விடுமுறை வந்த நாளில், வானம் இருட்டிக்கொண்டு வந்ததும் எல்லோரும் வீட்டுக்குள் ஓட, இவர்கள் வண்டியை வெளியே எடுத்தார்கள். பாலத்தைச் சுற்றி, ஏற்றத்தில் ஏறி, தண்ணீர் தேங்கிய சாலையாகத் தேடித்தேடிப் போயிருக்கிறார்கள். வண்டி ஒரு இடத்திலும் இருமவில்லை. மாஸ்டர்தான் திரும்பி வரும்போது இரண்டு தும்மல் போட்டார்.