ஆனேக்கல் கல்லும் என் பச்சைப் பெயிண்டும்: ஒரு வரலாற்றுப் பாடத்துக்கு இடம் பார்க்கப் போன கதை

2006 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பெங்களூரை அடுத்த ஆனேக்கல் பக்கம் போய்வந்தேன். சுற்றுலா இல்லை, என் பெயிண்ட் கடைக்குச் சரக்கு எடுக்கவும் இல்லை. என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கும் கன்டோன்மென்ட் பள்ளியில் வரலாறு எடுக்கும் ஸ்டெல்லா மிஸ் ஒரு புதுவிதப் பாடம் திட்டமிட்டிருந்தார். நகரத்துப் பள்ளி ஒன்றும் கிராமத்துப் பள்ளி ஒன்றும் சேர்ந்து, தங்கள் இடத்தின் வரலாற்றைத் தேடிப்பிடித்து, டிஜிட்டல் கேமராவில் படமெடுத்து, ஒரே வலைப்பக்கத்தில் போட வேண்டும். பத்து வாரம், வாரத்துக்கு இரண்டு பீரியட்.

எல்லாம் தயார், கூட்டாளிப் பள்ளி மட்டும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமைக்குள் இன்னொரு பள்ளியின் சம்மதக் கடிதம் வராவிட்டால் அந்த இருபது பீரியடும் கணக்கு ஸ்பெஷல் கிளாஸுக்குப் போய்விடும் என்று தலைமை ஆசிரியை சிஸ்டர் சொல்லிவிட்டாராம். பெற்றோர் கூட்டத்தில் மிஸ் இதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆனேக்கல் பக்கத்துல ஒரு ஸ்கூல் இருக்கு மிஸ். கட்டடத்துக்கு நான் பெயிண்ட் குடுத்திருக்கேன். என் பேச்சைத் தட்டமாட்டாங்க" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. முனிராஜு என்று ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டர், ஆனேக்கல்காரர், செவ்வாய்க்கிழமை தவறாமல் என் கடைக்குச் சரக்கு எடுக்க வருவார். நான்கு வருஷம் முன்னால் அவர் கேட்டு, அவர் ஊர்ப் பள்ளிக்கு இருபது டின் கொடுத்தேன். நான் அந்தப் பக்கம் போனதே கிடையாது. இப்போது அவரையே விட்டு அங்கே பேசச் சொன்னேன். சனிக்கிழமை காலை வரச் சொன்னார்கள்.

என் வேன் ஒர்க்‌ஷாப்பில் இருந்ததால் பஸ்தான். அதுவே நல்லதாகப் போயிற்று, உங்களுக்கு நேரமும் கட்டணமும் சரியாகச் சொல்ல முடிகிறது. மல்லேஸ்வரத்தில் 5.50க்குக் காபி, 6.05க்கு மார்க்கெட் பஸ், ஆறு ரூபாய். 6.40க்கு மார்க்கெட்டில் இறங்கினால் ஸ்டெல்லா மிஸ் எனக்கு முன்பே வந்து நிற்கிறார். ஒரு கையில் குடை, மறு கையில் பிளாஸ்டிக் கவருக்குள் திட்டத் தாள், தோளில் அண்ணனிடம் இரவல் வாங்கிய கேமரா. ஆனேக்கல் பஸ் 6.55க்கு. ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய், முப்பத்தாறு கிலோமீட்டர் சொச்சம். இடது பக்க ஜன்னல் சீட் பிடியுங்கள், காலை வெயில் அந்தப் பக்கம் அடிக்காது என்று என்னிடம் சொன்னவர் பேச்சைக் கேட்காதீர்கள். அந்த ரோடு தெற்கே போகிறது, காலையில் வெயில் இடது பக்கம்தான்.

பொம்மனஹள்ளியில் மேம்பால வேலை. முப்பத்தைந்து நிமிஷம் பஸ் நகரவில்லை. "எவ்ளோ நேரம்பா ஆகும்?" என்று கண்டக்டரைக் கேட்டேன்.

"அவசரம்னா இறங்கி நடங்க சார். சந்தாபுராவுல நாங்க வந்து உங்களை ஏத்திக்கறோம்" என்றார். முன் சீட்டில் ஒரு அம்மா சிரித்தார்.

நின்ற இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். எதிர்ச் சந்துக்குள்தான் ஒரு பெயிண்ட் பட்டறை இருந்தது. 2001இல், அடுத்தவன் கம்பெனி டின்னை விற்று எத்தனை நாள் காலம் தள்ளுவது என்று சொந்தப் பெயரில் அங்கே எனாமல் பெயிண்ட் செய்யக் கொடுத்தேன். பட்டறைக்காரர் பச்சையில் மஞ்சளைக் கூடுதலாகக் கலந்துவிட்டார். பிஸ்தாவும் இல்லை, கிளிப்பச்சையும் இல்லை, காய்ச்சல்காரன் முகம் மாதிரி ஒரு நிறம். எந்தக் கம்பெனி ஷேட் கார்டிலும் அது கிடையாது. எட்டு மாதம் கடையில் கிடந்தது, ஒரு டின் போகவில்லை. அப்போதுதான் முனிராஜு பள்ளிக்கூடத்துக்கு உதவி கேட்டு வந்தார். இதை மிஸ்ஸிடம் நான் சொல்லவில்லை. நன்கொடை என்று மட்டும் சொல்லியிருந்தேன்.

ஆனேக்கல்லில் இறங்கும்போது 9.05. பஸ் ஸ்டாண்ட் எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, காபி, ஆளுக்குப் பதினெட்டு ரூபாய், சட்னி அருமை. அங்கிருந்து நாலு கிலோமீட்டர் ஆட்டோ. ஐம்பது கேட்டார், நாற்பதுக்கு வந்தார். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று பள்ளியில் கேட்டுக்கொண்டார்கள், அதனால் போடவில்லை.

பள்ளி வாசலில் முதலில் கண்ணில் பட்டது என் பெயர். உபகாரிகள் பட்டியல் என்று சுவரில் கன்னடத்தில் எழுதிய வரிசையில் மூன்றாவது நான். ஸ்டெல்லா மிஸ் அதைப் பார்த்துவிட்டு, "கடிதம் கிடைச்ச மாதிரிதான் சார்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

மஞ்சுநாத் மேஷ்ட்ரு, அதாவது அங்கே வரலாறு எடுக்கும் ஆசிரியர், முப்பத்தைந்து வயதிருக்கும். அம்மா ஓசூர்க்காரர் என்பதால் தமிழ் சரளம். டீ கொடுத்தார், திட்டத் தாளை வாங்கி முழுக்கப் படித்தார். இடது கட்டத்தில் நகரத்துப் பிள்ளைகளின் வேலை: படமெடுத்தல், தட்டச்சு, வலைப்பக்கம் வடிவமைத்தல். வலது கட்டத்தில் கிராமத்துப் பிள்ளைகளின் வேலை: இடம் காட்டுதல், தகவல் கொடுத்தல்.

"அதாவது எங்க பசங்க கை காட்டணும், உங்க பசங்க கம்ப்யூட்டர் தட்டணும். அஷ்டே, அவ்வளவுதானே மிஸ்?"

மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "அப்படி நினைச்சு எழுதல சார். இங்க கரன்ட், கம்ப்யூட்டர் எப்படின்னு தெரியாம..."

"ரெண்டு கம்ப்யூட்டர் இருக்கு. கரன்ட்டும் இருக்கு, பத்திலேர்ந்து பன்னெண்டு வரைக்கும்தான் இருக்காது. சரி, எதைப் படம் எடுக்கப் போறீங்க?"

"உங்க ஊர் நடுகல். எழுத்து இருக்கறதா முனிராஜு சொன்னாராம். பிள்ளைங்களே படிச்சுப் பாக்கட்டும்னு."

மேஷ்ட்ரு என்னைப் பார்த்தார். "வாங்க சார், நீங்களும் பாக்கணும்."

பள்ளிக்குப் பின்னால், அரசமரத்தடியில் இடுப்புயரக் கல். வில்லோடு ஒரு வீரன், மேலே இரண்டு தேவப் பெண்கள் அவனைச் சொர்க்கத்துக்குத் தூக்கிப் போகிறார்கள், அதற்கும் மேலே எழுத்து வரிகள். வரிகள் இருந்த தடம்தான் தெரிந்தது. தலை முதல் கால் வரை எனாமல். என் பச்சை. ஊரில் வேறு யாரிடமும் இருக்க முடியாத பச்சை.

வருஷத் திருவிழாவுக்கு முந்தின நாள் அந்தக் கல்லுக்கு வர்ணம் பூசுவது ஒரு வீட்டாரின் பொறுப்பாம். அவர்களுக்கு அது சாமி. பள்ளிக்குப் பூசி மிச்சமான டின்களை, வீணாக்க வேண்டாமே என்று அந்த வீட்டுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு திருவிழாவுக்கும் அதுவே.

எனக்கு உடனே தொழில் புத்திதான் வேலை செய்தது. "ஒரு டின் ரிமூவர், ஒரு கம்பி பிரஷ். அரை மணி நேரத்துல சுத்தம் பண்ணிடலாம். என் செலவு."

"தொட்டீங்கன்னா கல்லும் போயிடும், நானும் போயிடுவேன்" என்றார் மேஷ்ட்ரு. "சாமி மேல கம்பி பிரஷ் போட்ட வாத்தியாரை ஊர்ல வெச்சுப்பாங்களா? பெரிய மனசு பண்ணிக் குடுத்தீங்க, இல்லேன்னு சொல்லல. ஆனா நீங்க படிக்க வந்த எழுத்து மேல பூச நீங்களே பெயிண்ட் குடுத்திருக்கீங்க. இதுல எங்க பசங்க என்னன்னு தகவல் குடுக்கறது?"

மிஸ் திட்டத் தாளைக் கவருக்குள் திரும்ப வைத்தார். மணி 10.10. பதினொன்றரைக்குப் பள்ளி விட்டுவிடும். கடிதம் இல்லாமல் திரும்பும் பயணம் அந்த நொடியில் எனக்குக் கண்ணில் தெரிந்தது. அவர் இரண்டு மாதம் உட்கார்ந்து போட்ட பாடம், என் வாயை நம்பி இவ்வளவு தூரம் வந்தது.

கல்லருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். கீழ் மூலையில் வண்டிச் சக்கரமோ எதுவோ இடித்து, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. பெயிண்ட் கடைக்காரனால் பெயர்ந்த இடத்தைப் பார்க்காமல் இருக்க முடியாது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த விளிம்பைப் பார்த்தேன். மேலே நாலு பூச்சு என் பச்சை. அதற்குக் கீழே மஞ்சள் எனாமல். அதற்குக் கீழே நகத்தில் பொடியாக ஒட்டிய ரோஸ் நிறம், அது டிஸ்டெம்பர். அதன் கீழ் காவி. காவிக்கும் கீழே நீலம் போட்ட சுண்ணாம்பு, பிறகு வெறும் சுண்ணாம்பு, தாள் தாளாக, எண்ணி மாளவில்லை.

"மேஷ்ட்ரே, இந்த ரோஸ் எப்ப வந்தது?"

"அது... நான் சின்னப் பையனா இருக்கறப்போ ரோஸ்தான். எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"பெயர்ந்த எடத்துல தெரியுது. இது டிஸ்டெம்பர் பவுடர். எனாமல் வாங்க வசதி வர்றதுக்கு முன்னாடி பூசினது. இந்தக் காவி கடைச் சரக்கே இல்ல, இங்க எங்கேயோ தோண்டின மண்ணு."

இதை அவர் கன்னடத்தில் சொல்ல, எங்களைச் சுற்றி அதுவரை வேடிக்கை பார்த்த ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நெருங்கி வந்தார்கள். ரேணுகா என்ற பெண், எண்ணெய் வைத்து இறுக்கி இரட்டை ஜடை போட்டவள், "காவி மண்ணு எங்க பாட்டன் நிலத்து ஓரத்துல இருக்கு!" என்றாள். இன்னொரு பெண், "மஞ்சள் வாங்கிக் குடுத்தது எங்க மாமா. பஞ்சாயத்து எலெக்‌ஷன்ல ஜெயிச்சதுக்கு" என்றாள். மூன்றாவதாக ஒருத்தி அது மாமா இல்லை, மாமாவிடம் தோற்றவர் என்று சண்டைக்கு வந்தாள்.

ஸ்டெல்லா மிஸ் கவரிலிருந்து தாளை வெளியே எடுத்தார். இரண்டு கட்டத்துக்கும் நடுவே இருந்த கோட்டைப் பேனாவால் அடித்தார். அப்புறம் அந்த இருவரும் பேசிய வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. எழுத்தைப் படிப்பது பிறகு பார்க்கலாம், பூச்சுகளைப் படிப்பது முதலில். ஒவ்வொரு நிறத்தையும் யார் பூசினார்கள், ஏன் என்று இந்தப் பிள்ளைகள் வீடு வீடாகக் கேட்பார்கள். கேமரா இவர்கள் கையில். எங்கள் பிள்ளைகள் அந்தந்தப் பெயிண்ட் பெங்களூரில் எங்கே செய்யப்பட்டது, யார் விற்றார்கள் என்று கடை கடையாகக் கேட்பார்கள். ஐந்தாவது வாரம் இவர்கள் கன்டோன்மென்ட்டுக்கு வந்து, அங்கே உள்ள சுவர்களைப் பற்றி எங்கள் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார்கள். வலைப்பக்கத்தில் முதலில் கன்னடம், பிறகு தமிழ், ஆங்கிலம்.

"இப்போ சரி" என்றார் மேஷ்ட்ரு. "ஒரு பேட்டி இப்பவே எடுத்துப் பாத்துடலாமா, ட்ரையல்?"

கேமரா ரேணுகா கைக்குப் போனது. வீடியோ எடுக்கும் பொத்தானை மிஸ் காட்டினார். அவள் அதை என் முகத்துக்கு நேரே நீட்டிக் கன்னடத்தில் கேட்டாள்.

"இந்தப் பச்சைப் பெயிண்ட் நீங்க ஏன் குடுத்தீங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு உதவி பண்ணலாம்னுதான்மா."

"பச்சை ஏன்? வேற கலர் குடுத்திருக்கலாமே?"

பின்னால் மிஸ். பக்கத்தில் மேஷ்ட்ரு. வாசல் சுவரில் என் பெயர். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முப்பது வருஷ வியாபாரத்தில் சரக்கைப் பற்றி இத்தனை நேராக என்னை யாரும் கேட்டதில்லை.

"விக்கல" என்றேன். "கலர் கெட்டுப்போச்சு. கடையில எடத்தை அடைச்சுக்கிட்டு இருந்தது. யாராவது எடுத்துட்டுப் போனா போதும்னு இருந்தேன். அப்பதான் உங்க ஊர்லேர்ந்து கேட்டாங்க."

அவள் கேமராவை இறக்கவில்லை. "எங்களுக்கும் அந்தக் கலர் பிடிக்கல" என்றாள். மேஷ்ட்ரு தலையைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மிஸ் வாய்விட்டே சிரித்தார், நானும்தான். 11.25க்குச் சம்மதக் கடிதம் பள்ளி முத்திரையோடு எங்கள் கையில் இருந்தது.

திங்கட்கிழமை அந்த ஒன்றரை நிமிஷ வீடியோவைத்தான் மிஸ் முதலில் போட்டுக் காட்டினாராம். சிஸ்டர் இரண்டு முறை பார்த்துவிட்டு, இருபது பீரியடும் கொடுத்தார்.

இதுபோல் திட்டம் வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவம். சனிக்கிழமை போங்கள், ஆனால் ஆறு மணிக்கே மார்க்கெட்டில் பஸ் பிடியுங்கள், பொம்மனஹள்ளியை நம்பாதீர்கள். எங்கள் இருவருக்கும் சேர்த்துப் போக வர, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் 254 ரூபாய் ஆனது. கேமராவுக்குச் சார்ஜ் செய்யும் பேட்டரி இரண்டு செட் எடுத்துப் போங்கள், கடையில் வாங்கும் சாதாரண செல் இருபது படத்தில் படுத்துவிடும். இன்டர்நெட்டில் படம் அனுப்பலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஆனேக்கல் பிரவுசிங் சென்டரில் ஒரு படம் ஏற நாங்கள் பதினோரு நிமிஷம் காத்திருந்தோம். இப்போது படங்களை சி.டி.யில் போட்டு, செவ்வாய்க்கிழமை சரக்கெடுக்க வரும் முனிராஜுவிடம் கொடுத்துவிடுகிறார்கள். திரும்பும்போது எங்கள் பிள்ளைகளின் சி.டி. பிரஷ் கட்டோடு போகிறது. உங்கள் இரண்டு பள்ளிக்கும் நடுவே வாராவாரம் யார் போய்வருகிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள், கம்ப்யூட்டர் வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முக்கியமாக, திட்டத் தாளை முடித்துவிட்டு எடுத்துப் போகாதீர்கள். பாதி காலியாக எடுத்துப் போங்கள்.

வலைப்பக்கம் இப்போது ஏறிவிட்டது. கல்லின் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அம்புக்குறி. பச்சைக்குப் பக்கத்தில் மூன்று மொழியிலும் எழுதியிருக்கிறார்கள்: கொடுத்தவர், மல்லேஸ்வரம் பெயிண்ட் வியாபாரி. காரணம், விற்கவில்லை. மகள் கொஞ்சம் சங்கடப்பட்டாள். நான் கடையில் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டுகிறேன்.

சென்ற வாரம் முனிராஜு ஒரு செய்தி கொண்டுவந்தார். கல்லுக்கு வர்ணம் பூசும் வீட்டார், வரும் திருவிழாவுக்குப் பழையபடி சுண்ணாம்பே பூசலாம் என்று முடிவு செய்திருக்கிறார்களாம், மழையில் தானே கரைந்து போகும், எழுத்து மேல் இன்னொரு பூச்சு ஏறாதே என்று. இரண்டு மூட்டை கேட்டிருந்தார்கள். அன்றைக்கே ஏற்றிவிட்டேன். இந்த முறை கடையிலேயே வேகமாக விற்கிற சரக்கு.